ஜி.ஸ்கில் ஃப்ளேர் எக்ஸ்5 6000 சிஎல்30: 6000-லேயே நிறுத்தி வேகம் கூட்டுவது எப்படி

ராம் பெட்டியில் 6000 (நொடிக்கு இத்தனை மில்லியன் தகவல் பரிமாற்றம்) என்று அச்சடித்திருப்பதால் மாட்டியதும் 6000-ல் ஓடிவிடாது. ஓட வைத்த பிறகும் அந்த ராமின் முழு வேகம் வந்துவிடாது. டிடிஆர்5 வாங்குபவர்களில் பாதிப் பேர் முதல் படியிலும் மீதிப் பேர் இரண்டாவது படியிலும் நின்றுவிடுகிறார்கள். ஜி.ஸ்கில்லின் ஃப்ளேர் எக்ஸ்5 செட்டை முன்னால் வைத்துக்கொண்டு அந்த இரண்டு படிகளையும் பார்க்கலாம்.

இந்த செட்டில் 16 ஜிபி ஸ்டிக்குகள் இரண்டு. டைமிங் (ராம் ஒவ்வொரு வேலைக்கும் காத்திருக்கும் க்ளாக் எண்ணிக்கை) 30-38-38-96, அதில் முதல் எண்தான் சிஎல். வோல்டேஜ் 1.35. ஏஎம்டியின் எக்ஸ்போ ப்ரொஃபைலோடு (வேகத்தையும் டைமிங்கையும் ஒரே தேர்வில் போட்டுத் தரும் செட்டிங்) வருவதால் ரைசன் 7000, 9000 வரிசைக்காரர்களுக்கான சரக்கு. ஆர்ஜிபி விளக்கு கிடையாது, கறுப்புத் தகடு, உயரம் 33 மில்லிமீட்டர்தான். அந்த உயரம் சும்மா இல்லை. பெரிய ஏர் கூலரின் ஃபேன் ராமின் தலைக்கு மேல் வந்து நிற்கும் கேபினட்டில், 44 மில்லிமீட்டர் ஆர்ஜிபி ஸ்டிக் என்றால் ஃபேனை மேலே தூக்கி மாட்ட வேண்டிவரும், பிறகு பக்கவாட்டுக் கண்ணாடி மூடாது. இதில் அந்த வம்பு மிகக் குறைவு.

தீர்ப்பை இப்போதே சொல்லிவிடலாம். 6000-ஐத் தாண்டி ஓட்டத்தான் இதை வாங்குகிறீர்கள் என்றால் காசும் நேரமும் வீண். 6000-லேயே நிறுத்தி உள் டைமிங்குகளைச் சுருக்கத் தயார் என்றால் இந்த விலை வரிசையில் இதைவிட அடக்கமாக வேலை செய்யும் செட் குறைவு.

உள்ளே யார் சிப்?

ராமில் பிராண்ட் என்பது மேலே ஒட்டிய தகடும் ஸ்டிக்கரும்தான். வேலை செய்வது சிப். 6000, சிஎல்30, 1.35 வோல்ட் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் எஸ்கே ஹைனிக்ஸின் 16 ஜிகாபிட் சிப். ஒரு ஸ்டிக்கில் ஒரே பக்கமாக எட்டு சிப். அதிலும் எம்-டை, ஏ-டை என்று இரண்டு ரகம் உண்டு. முன்னால் வந்தது எம், பின்னால் வந்தது ஏ. மாடல் நம்பர் இரண்டுக்கும் ஒன்றுதான், பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதுதான் இந்த செட்டின் மேல் உள்ள நியாயமான குறை. ஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 042 என்று தொடங்கும் நீளமான குறியீட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஏ என்றால் ஏ-டை, எம் என்றால் எம்-டை. மாட்டிய பிறகு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் சிப் தயாரிப்பாளர் பெயரையாவது உறுதி செய்துகொள்ளலாம்.

எம் வந்துவிட்டதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். 6000-ல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் டிஆர்எஃப்சி (சார்ஜை நிரப்ப ஆகும் நேரம், விளக்கம் பின்னால்) என்ற ஒரே டைமிங்கில்தான். ஏ-டை ஏறக்குறைய 120 நானோ செகண்ட் வரை இறங்கும், எம்-டை 160-ஐ ஒட்டி நின்றுவிடும். 7200, 8000 என்று ஓட்டுபவர்களுக்குத்தான் ஏ-டை அவசியம்.

6000-ல் ஏன் நிற்க வேண்டும்

சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி, ராமின் வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் நானோ செகண்டில் கிடைக்கும். 6000 சிஎல்30 என்றால் 10. 6000 சிஎல்36 என்றால் 12. 7200 சிஎல்34 என்றால் 9.4. பழைய டிடிஆர்4-3200 சிஎல்16-க்கும் இதே 10 தான். டிடிஆர்5 வந்து லேட்டன்சி (கேட்ட தகவல் வரும்வரை காத்திருக்கும் நேரம்) குறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். கூடியது அகலம்தான், அதாவது ஒரு நொடியில் கடத்தும் அளவு.

அந்த அகலத்தையும் ரைசன் முழுதாக எடுத்துக்கொள்ளாது. இரண்டு சானலில் 6000 என்றால் கணக்குப்படி நொடிக்கு 96 ஜிபி. ஆனால் ஒரே கோர் சிப்லெட் (கோர்கள் உள்ள சிறு சிப்) உள்ள 7600, 7700, 7800எக்ஸ்3டி போன்றவற்றில் அந்தச் சிப்லெட்டுக்கும் ராமை நிர்வகிக்கும் மெமரி கன்ட்ரோலருக்கும் நடுவில் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற பாதை இருக்கிறது. படிக்கும் திசையில் ஒரு க்ளாக்குக்கு 32 பைட், எழுதும் திசையில் 16 பைட். ஃபேப்ரிக் 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் படிப்பதற்கு உச்சம் 64 ஜிபி, எழுதுவதற்கு 32. ராமை 7200 ஆக்கினாலும் இந்த 64 அப்படியேதான் இருக்கும். ஐடா64 என்ற வேகம் அளக்கும் மென்பொருளில் படிக்கும் வேகம் 60-ஐச் சுற்றியே நிற்கிறது, ராம் பழுதா என்று பதறுகிறவர்கள் உண்டு. பழுதில்லை, பாதை அவ்வளவுதான். ஃபேப்ரிக்கை 2133-க்கு ஏற்றினால் உச்சம் 68 ஆகும். இரண்டு சிப்லெட் உள்ள 7950எக்ஸ் போன்றவற்றில் பாதையும் இரண்டு என்பதால் எண் கூடுதலாக வரும்.

இன்னொரு காரணம் மெமரி கன்ட்ரோலர். ஒரு க்ளாக்குக்கு இரண்டு பரிமாற்றம் என்பதால் 6000-ல் ராம் க்ளாக் 3000, கன்ட்ரோலர் க்ளாக்கும் 3000, ஒன்றுக்கு ஒன்று. 6400 வரை இந்தச் சமநிலையைத் தாங்கும் ப்ராசஸர் சில உண்டு, எல்லாமும் தாங்காது. அதைத் தாண்டினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கும், லேட்டன்சி ஏறும். ஆட்டோவில் விட்டால் சில போர்டுகள் 6000-ஐத் தாண்டியதுமே பாதிக்கு இறக்கிவிடும். 6200 போட்டேன், 6000-ஐ விட மெதுவாக இருக்கிறதே என்ற புகாரின் பின்னால் இதுதான் இருக்கும். ஜென்டைமிங்ஸ் என்ற சிறு மென்பொருளில் எம்க்ளாக் (ராம்), யூக்ளாக் (கன்ட்ரோலர்) இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மாட்டுவதும் முதல் பூட்டும்

நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். இதில் விளையாட வேண்டாம். இன்னொரு செட் வாங்கி நான்கையும் நிரப்பி 64 ஜிபி ஆக்கலாம் என்ற திட்டம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்கு ஸ்டிக்குக்கு 3600. 64 வேண்டுமென்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குவதுதான் வழி.

பவர் பட்டனை அழுத்தியதும் திரை கறுப்பாகவே இருக்கும். டிடிஆர்5 முதல் தடவை தன்னைத் தானே ட்ரெயின் செய்துகொள்ளும், அதாவது சிக்னல் நேரங்களைப் போர்டோடு பொருத்திக்கொள்ளும். ஓரிரு நிமிடமும் ஆகலாம், சில போர்டில் அதற்கு மேலும் ஆகலாம். போர்டில் டிரேம் என்று எழுதிய எல்இடி எரிந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். பொறுமையில்லாமல் ஸ்விட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த நேரத்தில் கரண்ட் போகாமல் யூபிஎஸ்-ல் ஓடுவது நல்லது.

முதல் பூட்டில் ராம் ஜெடெக் (தொழில்துறைப் பொதுத் தரம்) வேகத்தில் எழும், பெரும்பாலும் 4800, 1.1 வோல்ட். டியூன் செய்யும் ஆசையை அடக்கிக்கொண்டு இந்த நிலையிலேயே மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஒரு சுற்று ஓட்டுங்கள். இங்கே ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் ஸ்டிக்கோ ஸ்லாட்டோ சரியில்லை. ஒவ்வொரு ஸ்டிக்காக மாற்றிப் பார்த்துவிட்டு, ஸ்டிக்கில்தான் கோளாறு என்றால் திருப்பிக் கொடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராக எக்ஸ்போ போட்டால், பின்னால் வரும் எர்ரர் சரக்கின் குற்றமா செட்டிங்கின் குற்றமா என்று கண்டுபிடிப்பதற்குள் வாரக் கடைசி போய்விடும்.

பிறகு பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து அதில் எக்ஸ்போ 1-ஐத் தேர்ந்தெடுங்கள். அப்டேட் முக்கியம். 2023 ஏப்ரலில் சில ரைசன் 7000 ப்ராசஸர்கள் கருகிய செய்தி வந்தது நினைவிருக்கும். எக்ஸ்போ போட்டதும் எஸ்ஓசி வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) போர்டுகள் தாராளமாக ஏற்றியதுதான் அப்போது பேச்சு. அதன் பிறகு வந்த பயாஸ்களில் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் கட்டிவிட்டது. கட்டு இருக்கிறதே என்று ஆட்டோவில் விடாமல் கையால் 1.2 போடுங்கள். 6000-க்குப் பல ப்ராசஸர்கள் 1.15-லேயே ஓடும்.

எக்ஸ்போ விட்டுவைக்கும் மிச்சம்

எக்ஸ்போ போட்டு ஜென்டைமிங்ஸைத் திறந்தால் மேலே 30-38-38-96 அழகாக இருக்கும். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். டிஆர்எஃப்சி 884 அல்லது 885, டிரெஃபி 11,700-ஐ ஒட்டி. இந்த இரண்டு எண்களில்தான் மிச்சமிருக்கும் வேகம் ஒளிந்திருக்கிறது.

டிரேம் செல் என்பது ஓட்டை மின்தேக்கி. சார்ஜ் கசிந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது நிரப்ப வேண்டும். எத்தனை க்ளாக்குக்கு ஒரு முறை நிரப்புவது என்பது டிரெஃபி. நிரப்பி முடிக்க எத்தனை க்ளாக் என்பது டிஆர்எஃப்சி. நிரப்பும்போது ராம் வேறு வேலை பார்க்காது. 11,700-க்கு ஒரு முறை 885 என்றால் நேரத்தில் ஏழரை சதவீதம் இதற்கே போகிறது. டிஆர்எஃப்சியை 500 ஆக்கி டிரெஃபியை 50,000 ஆக்கினால் அது ஒரே சதவீதமாகச் சுருங்கும். சிஎல்30-ஐ 28 ஆக்க வோல்டேஜை 1.4-க்கு மேல் ஏற்றி நாள் கணக்கில் போராடுவதைவிட இந்த இரண்டு எண்ணை மாற்றுவது பலன் அதிகம், செலவு இல்லை.

500 எங்கிருந்து வந்தது? 6000-ல் ஒரு நானோ செகண்டுக்கு மூன்று க்ளாக். எம்-டைக்கு வேண்டிய 160-ஐ மூன்றால் பெருக்கினால் 480. கொஞ்சம் மூச்சு விட இடம் வைத்து 500. உள்ளே எந்த டை என்று தெரியாதவர்களுக்கும் இது ஓடும். ஏ-டை என்று உறுதியானால் 420 முயலலாம். 360 அதன் விளிம்பு, அங்கே போய் நிற்க வேண்டியதில்லை. அதோடு டிஆர்எஃப்சி-2-க்கு 400, டிஆர்எஃப்சி-எஸ்பி-க்கு 300.

மற்றவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். டிடபிள்யூஆர் 48, டிஆர்டிபி 12, டிஆர்ஆர்டி எஸ், எல் இரண்டும் 8, டிஎஃப்ஏடபிள்யூ 32, டிடபிள்யூடிஆர்-எஸ் 4, டிடபிள்யூடிஆர்-எல் 16. நான்காவது எண்ணான டிஆர்ஏஎஸ் 96-ஐ அப்படியே விட்டாலும் இழப்பு சொற்பம்தான். அதைச் சுருக்கி ஸ்க்ரீன்ஷாட் அழகாக்குவது ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவே. சிஎல்-ல் ஒற்றைப்படை எண் கிடையாது என்பதால் 29 போட்டால் ஏற்காது. 30-க்கு அடுத்தது 28.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றாதீர்கள். முதலில் டிஆர்எஃப்சி மூன்றும், சோதனை. அடுத்து டிரெஃபி, சோதனை. பிறகு மீதி, சோதனை. ஃபேப்ரிக்கைக் கடைசியில் மட்டும் தொடுங்கள். ஒரு டைமிங் மிகவும் குறைந்துவிட்டால் போர்டு எழாது. டிஆர்எஃப்சி எல்லை மீறினால் ஒன்று பூட்டே ஆகாது, இல்லையென்றால் விண்டோஸ் லோகோவிலேயே ரீஸ்டார்ட் ஆகும். இரண்டு மூன்று தடவை தானே முயன்றுவிட்டுப் போர்டு பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் பவர் கேபிளைக் கழற்றி, பயாஸ் செட்டிங்கை அழிக்கும் சிமாஸ் ஜம்பரைச் சில விநாடி இணைத்து எடுங்கள். ஜம்பர் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் போர்டு என்றால், கார்டைப் போடுவதற்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சோதனை: விண்டோஸ் எழுந்தது சாட்சி ஆகாது

ஓவர்க்ளாக்கில் செட்டிங் போடுவது பத்து நிமிடம், நிரூபிப்பது ஒரு ராத்திரி. ராம் எர்ரர் உடனே நீலத் திரையாக வந்தால் அது அதிர்ஷ்டம். மௌனமாக ஒரு பிட் புரண்டு, விண்டோஸ் ஃபைலிலோ குடும்பப் போட்டோவிலோ போய் எழுதப்பட்டால் மாதங்கள் கழித்துத்தான் தெரியும். டிடிஆர்5-ல் சிப்புக்குள்ளேயே ஈசிசி (தவறு திருத்தும் வசதி) இருக்கிறதே என்பார்கள். அது சிப்புக்குள் செல் செய்யும் தவறைத் திருத்தத்தான். சிப்புக்கும் ப்ராசஸருக்கும் நடுவில் வரும் தவறு அதன் கண்ணில் படாது. முடிந்தால் பழைய எஸ்எஸ்டி ஒன்றில் தனி விண்டோஸ் போட்டு அதில் மட்டும் சோதியுங்கள், அசல் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு.

டெஸ்ட்மெம்5 என்ற ராம் சோதனை மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அன்டா777 எக்ஸ்ட்ரீம் கான்ஃபிக் போட்டு முழுதாக ஓட்ட வேண்டும். 32 ஜிபிக்கு ப்ராசஸரைப் பொறுத்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். காசு கொடுத்து வாங்கத் தயார் என்றால் கர்ஹு ராம் டெஸ்ட், 10,000 சதவீதம் வரை. பிறகு ஒய்-க்ரன்ச்சர் என்ற மென்பொருளில் விடி3 சோதனை ஒரு மணி நேரம். இது ராமோடு கன்ட்ரோலரையும் ஃபேப்ரிக்கையும் சேர்த்துப் பிழிந்தெடுக்கும். டெஸ்ட்மெம்5 பாஸாகி விடி3 விழுந்தால் ராம் டைமிங்கை விட்டுவிட்டு எஸ்ஓசி வோல்டேஜ், ஃபேப்ரிக் பக்கம் பாருங்கள். ஃபேப்ரிக் தள்ளாடினால் எர்ரரே காட்டாமல் உள்ளுக்குள் திருத்திக்கொண்டு மெதுவாக ஓடவும் கூடும். ஒரே சோதனையை ஐந்து தடவை ஓட்டி நேரம் கூடிக் குறைந்து வந்தால் 2133-ஐ 2000-க்கு இறக்குங்கள்.

எர்ரர் எப்போது வருகிறது என்பது அது என்ன என்பதைச் சொல்லிவிடும். எச்டபிள்யூஇன்ஃபோவில் ஸ்டிக் ஒவ்வொன்றின் வெப்பமும் தனித்தனியாகத் தெரியும், அதைத் திறந்தே வைத்திருங்கள். 40 டிகிரியில், மூன்றாவது நிமிடத்திலேயே எர்ரர் என்றால் டைமிங் இறுக்கம் அல்லது வோல்டேஜ் போதவில்லை. டிஆர்எஃப்சியை 20, 30 ஏற்றுங்கள், அல்லது ராமின் வோல்டேஜ்களான விடிடி, விடிடிக்யூ இரண்டையும் 1.35-லிருந்து 1.38 ஆக்குங்கள். முக்கால் மணி நேரம் சுத்தமாக ஓடி, வெப்பம் 55-ஐத் தாண்டிய பிறகு ஒன்றிரண்டு எர்ரர் உதிர்ந்தால் குற்றவாளி டிரெஃபி. சூடு ஏறினால் செல் வேகமாகக் கசியும், 50,000 க்ளாக் காத்திருக்கும் அளவுக்கு சார்ஜ் மிஞ்சாது. வோல்டேஜை ஏற்றினால் சூடு இன்னும் ஏறும், நிலைமை மோசமாகும். இங்கே செய்ய வேண்டியது டிரெஃபியை 32,000-க்கு இறக்குவது, அல்லது ஒரு 120 எம்எம் ஃபேனை ராமின் பக்கம் திருப்புவது.

நம் ஊர்க்காரர்கள் வழுக்கி விழும் இடமும் இதுதான். ஏசி போட்ட அறையில், ராத்திரி, கேம் எதுவும் ஓடாதபோது பாஸான செட்டிங் மே மாத மத்தியானம் ஏசி இல்லாத அறையில் விழும். அதோடு 300 வாட் கிராபிக்ஸ் கார்டு கீழேயிருந்து ஊதும் அனல் நேராக ராமின் மேல்தான் போகிறது. ராம் சோதனை ஓடும்போதே கிராபிக்ஸ் கார்டைச் சூடேற்றும் ஃபர்மார்க்கையும் சேர்த்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கிடைக்கும் உச்ச வெப்பத்துக்கு டிரெஃபியைப் பொருத்துங்கள். 65,535 வரை போடலாம் என்று போர்டு அனுமதிக்கும். இங்கே அந்த எண் மார்கழிக்கு மட்டும்.

எல்லாம் பாஸானதும் பவரை முழுதாக அணைத்து, நாலைந்து தடவை கோல்ட் பூட் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் ட்ரெயினிங் முடிவு கொஞ்சம் மாறும், விளிம்பில் நிற்கும் செட்டிங் மூன்றாவது பூட்டில் காலை வாரும். தினமும் பூட்டுக்கு நேரமாகிறது என்றால் ட்ரெயினிங் முடிவை நினைவில் வைக்கும் மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோரை ஆன் செய்யலாம், ஆனால் பவர் டவுன் எனேபிளையும் சேர்த்து ஆன் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நீலத் திரை வருகிறது என்று புலம்புபவர்கள் ஏராளம்.

கையில் கிடைப்பது

எக்ஸ்போ மட்டும் போட்ட நிலையில் ஐடா64 லேட்டன்சி வழக்கமாக 70 நானோ செகண்டைச் சுற்றி நிற்கும். மேலே சொன்ன எண்களோடு 60-களின் நடுவுக்கு இறங்கும். இது கேமில் தெரியுமா? 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் நினைவகம்) உள்ள 7600, 7700-ல், 1080பி-யில், ப்ராசஸர் மூச்சுத் திணறும் கேம்களில் தெரியும். சராசரி எஃப்பிஎஸ்-ஐவிடக் கீழ் ஒரு சதவீத எண்ணில் (மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகம்) கூடுதலாகத் தெரியும். 7800எக்ஸ்3டியில் 96 எம்பி கேஷ் இருப்பதால் ராமிடம் போகும் தடவையே குறைவு. அவர்கள் டிரெஃபியையும் டிஆர்எஃப்சியையும் மட்டும் மாற்றிவிட்டுக் கேம் ஆடப் போகலாம். 4கே-யில் ஆடுபவர்களுக்கு இந்த முழு வேலையும் கிட்டத்தட்ட வீண்தான். 7-ஜிப் மாதிரி லேட்டன்சியை நம்பி ஓடும் வேலைகளில் பலன் நேராகவே தெரியும்.

சிஎல்36 செட் மலிவாகக் கிடைத்தால் எடுக்கலாமா? உள்ளே ஹைனிக்ஸ் என்று உறுதியானால் எடுக்கலாம், 30-க்குக் கையாலேயே இறக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். உறுதியில்லை என்றால் அது லாட்டரி. 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு இந்த வித்தியாசம் கணக்கில் எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஏற்கனவே சிஎல்36 ஹைனிக்ஸ் கையில் இருப்பவர்கள் இதற்கு மாற வேண்டாம், மேலே உள்ள எண்களை அதிலேயே போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பயாஸ் அப்டேட் போட்டால் சேமித்து வைத்த ஓவர்க்ளாக் ப்ரொஃபைல் பெரும்பாலும் அழிந்துவிடும், பழைய பதிப்பின் ப்ரொஃபைலைப் புதியது ஏற்காமலும் போகும். ஜென்டைமிங்ஸ் ஸ்க்ரீன்ஷாட்டையும், பயாஸில் வோல்டேஜ் பக்கத்தின் போட்டோவையும் ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள்.